பெறப்பட்ட மாதிரிக்கு மட்டும்

இருபத்தோரு வருடமாக நூலைக் கொளுத்திப் பார்ப்பதுதான் அவள் வேலை. துணி வியாபாரிகள், தையல் ஆலைக்காரர்கள், போர்வை விற்பவர்கள் என்று யார் யாரோ ஒரு முழம் துணியை உறையில் போட்டு அந்தப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புவார்கள். அதிலிருந்து ஒரு இழையை இடுக்கியால் உருவி, ஸ்பிரிட் விளக்கில் காட்டி, மோந்து பார்த்து, இன்ன நார் என்று சொல்லிவிடுவாள். அதற்குப் பிறகு நுண்ணோக்கி, அமிலம், தராசு எல்லாம் உண்டு. ஆனால் அவள் மூக்கு முதலில் சொன்னதை அவை மறுத்ததாகச் சரித்திரம் இல்லை. காகிதம் எரிகிற வாசனை வந்து, ஊதினால் பறக்கிற சாம்பல் மிஞ்சினால் பருத்தி. முடி பொசுங்குகிற நாற்றம் வந்தால் கம்பளி அல்லது பட்டு. சுடரைக் கண்டதும் சுருண்டு பின்வாங்கி, உருகி, கடைசியில் கடுகளவு கறுப்பு மணியாக இறுகினால் பாலியெஸ்டர். ஆள் ஒல்லி, தலையில் மட்டும் முடி அடர்த்தி. வீட்டிலும் வேலையிலும் அவளுக்குத் தீக்குச்சி என்றே பெயர் நிலைத்துவிட்டது.

சொந்தக்காரர்கள் வீட்டில் அவள் எதையும் கொளுத்தக் கூடாது என்று குடும்பத்தில் ஒரு தடை இருந்தது. தம்பிக்குப் பெண் பார்த்தபோது, பெண் வீட்டார் ஒரு சால்வையைக் கொடுத்து, சுத்தமான கம்பளி என்று சொன்னார்கள். எல்லாரும் பேச்சில் இருந்த நேரத்தில் இவள் ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவி, அடுப்படிக்குப் போய்த் திரும்பி வந்து, "அக்ரிலிக். ஆனா நல்ல அக்ரிலிக்" என்றாள். பாராட்டாகத்தான் சொன்னாள். கல்யாணம் நடந்தது. தம்பி மனைவி நாலு வருடமாக இவளிடம் பேசுவதில்லை.

அதனால் அந்த விடுமுறை நாளில் அக்கா புதுச் சீருடையை ஹேங்கரோடு தூக்கிக்கொண்டு வந்து காட்டியபோது, தீக்குச்சி கையைக் கட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள்.

அக்காவின் கணவர் வெல்டர். பெரிய பெரிய இரும்புத் தொட்டிகள் செய்கிற தொழிற்சாலையில் இருபத்தாறு வருட சர்வீஸ். அங்கே நாற்பது வெல்டர்களுக்கும் புதுச் சீருடை கொடுத்து மூன்று வாரம் ஆகியிருந்தது. நீல நிற முழுக்கைச் சட்டை, அதே நீலத்தில் கால்சட்டை.

"தொட்டுப் பாருடி. காலையில துவைச்சுப் போட்டேன், பத்து மணிக்குக் காஞ்சு கிடக்கு. ஒரு சுருக்கம் இருக்கா சொல்லு" என்றாள் அக்கா.

சுருக்கம் இல்லை. பழைய சீருடை அப்படியா? தடித்த பருத்தி. தண்ணீரில் நனைந்தால் ஓர் ஆளைத் தூக்குவது போன்ற கனம். மழைக்காலத்தில் இரண்டு நாள் கொடியில் தொங்கும், மூன்றாம் நாள் மக்கிய வாடை வீசும். காய்ந்தபின் பலகை மாதிரி விறைத்து நிற்கும். தண்ணீர் தெளித்து, உடம்புப் பலத்தையெல்லாம் கொடுத்து இஸ்திரி போட வேண்டும். இருபத்தாறு வருடமாக அக்கா வலது தோளில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு படுப்பது இந்தச் சட்டைகளால்தான்.

தீக்குச்சிக்குப் பாலியெஸ்டர் மேல் எந்தக் கோபமும் கிடையாது. ஒவ்வொரு நாருக்கும் ஒரு குணம், அந்தக் குணத்துக்கு ஒரு வேலை என்பதுதான் அவள் கட்சி. பருத்தி வியர்வையைக் குடிக்கும், நனைந்தால் இன்னும் பலம் கூடும், ஆனால் கசங்கும். கம்பளி குளிரைத் தடுக்கும், பூச்சிக்கும் இரையாகும். பாலியெஸ்டர் தண்ணீரை உள்ளே சேர்க்காது, இழுத்தால் அறாது, வருடக்கணக்கில் வெயிலில் கிடந்தாலும் சட்டென்று மக்காது. குடையைப் பருத்தியில் செய்தால் யார் நனைவது? காரில் இடுப்பைப் பிடிக்கிற வார், புத்தகப் பை, கூடாரம் எல்லாவற்றிலும் அது ராஜா. அது இருக்கக் கூடாத இடம் ஒன்று உண்டு. நெருப்புக்கு முன்னால் நிற்கிறவன் உடம்பு.

அக்கா சட்டையைத் திருப்பிக் காட்டினாள். இடது முழங்கைக்குக் கீழே ஐந்தாறு பொட்டுத் துளைகள் இருந்தன. தீப்பொறி விழுந்த துளைகள். வெல்டர் சட்டையில் துளை இருப்பது தலையில் முடி இருப்பது போலத்தான், யாரும் கவனிக்க மாட்டார்கள். தீக்குச்சி விரல் நுனியால் ஒரு துளையின் விளிம்பைத் தடவினாள். பருத்தியில் விழுந்த துளை என்றால் விளிம்பு கருகி, தொட்டால் பொடியாக உதிரும். இது உதிரவில்லை. பித்தான் விளிம்பு மாதிரி கெட்டியாக, வழவழவென்று இருந்தது.

"அக்கா, இதுல ஒரே ஒரு நூல்..."

"கையை எடு."

"உள் தையல்ல இருந்துதான். வெளிய தெரியாது."

"உன்னைத் தெரியும்டி எனக்கு. நூல்னு ஆரம்பிப்ப, சம்பந்தத்துல போய் முடிப்ப. எடு கையை."

அக்கா சட்டையை அறைக்குள் மாட்டிவிட்டு வந்தாள். அதற்குள் நூல் தீக்குச்சியின் கைக்குட்டை மடிப்புக்குள் போயிருந்தது. சாப்பாடு முடிந்ததும் அடுப்படி மேடையில் இருந்த தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். நூல் சுடரைக் கண்டு சுருண்டது. அப்புறம் பிடித்துக்கொண்டது. கறுப்புப் புகை, ஒருவிதத் தித்திப்பு நாற்றம். கூடவே பின்னணியில் லேசாகக் காகித வாசனை. கலப்பு. பாலியெஸ்டர் அதிகம், பருத்தி கொஞ்சம். மிஞ்சியதை நகத்தால் நசுக்கிப் பார்த்தாள். நசுங்கவில்லை.

வெளியே அத்தான் கதவைத் தட்டினார். "உள்ள என்னம்மா புகையுது?"

கதவைத் திறந்து, உள்ளங்கையில் இருந்த கறுப்பு மணியை நீட்டினாள். "உங்க சட்டை, அத்தான்."

அத்தான் நிதானமான மனிதர். மணியை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "சரி. அதுக்கு?"

"இது உருகுற துணி. நெருப்பு பிடிச்சா எரியறதோட நிக்காது, உருகித் தோல்ல ஒட்டிக்கும். அதுலயும் இது கலப்பு. மெழுகுவத்தில நடுவுல திரி இருக்கு, சுத்தி மெழுகு இருக்கு இல்லையா? இதுல பருத்திதான் திரி. மத்தது மெழுகு. நீங்க மெழுகுவத்தியைப் போட்டுக்கிட்டு வெல்டிங் பண்றீங்க."

"முன்னாடி தோல் ஏப்ரன் கட்டிக்கிறோம்மா."

"கைக்கு?"

"கையுறை இருக்கு."

"கையுறைக்கு மேல?"

அத்தான் யோசித்தார். யோசனைக்குப் பிறகு அவர் சொன்னது: "இது நூத்துக்கு நூறு பருத்தின்னு நோட்டீஸ் போர்டுல சான்றிதழ் ஒட்டியிருக்கு. முத்திரை எல்லாம் இருக்கு. உங்க ஆபீஸ் முத்திரைதான்."

"எங்க ஆபீஸா? யார் கையெழுத்து?"

"கையெழுத்தை எல்லாம் யாரு பார்த்தா?"

மறுநாள் காலை அவர் ஒரு படம் எடுத்து அனுப்பினார். நோட்டீஸ் போர்டில், கைப்பந்துப் போட்டி அறிவிப்புக்கும் காணாமல் போன மதிய உணவு டப்பா பற்றிய வேண்டுகோளுக்கும் நடுவில் சான்றிதழ் இருந்தது. பருத்தி நூறு விழுக்காடு. கீழே நீண்ட வாலோடு ஒரு கையெழுத்து. அந்த வாலை அவளுக்குத் தெரியும். இருபத்தோரு வருடமாக அவளே இழுக்கிற வால்.

தீக்குச்சி படத்தைப் பெரிதாக்கிக் கையெழுத்தை மறுபடி பார்த்தாள். தப்பு செய்துவிட்டோமோ என்ற பயத்தை விட, தன் மூக்கு தன்னை ஏமாற்றிவிட்டதோ என்ற பயம்தான் பெரிதாக இருந்தது. பிறகு எழுந்து, பின்னறைக்குப் போய், பதிவேட்டு எண்ணைப் பார்த்து அலமாரியைத் திறந்தாள். சோதனைக்கு வந்த ஒவ்வொரு துணியிலும் மிச்சத்தை ஒரு வருடம் உறையில் வைத்திருப்பார்கள். ஐந்து மாதத்துக்கு முன்னால் வந்த நீலத் துணி அங்கே இருந்தது. ஒரு நூலை உருவிக் கொளுத்தினாள். காகித வாசனை. பறக்கிற சாம்பல். நுண்ணோக்கியில், முறுக்கிவிட்ட நாடா மாதிரி வளைந்து வளைந்து போகிற நார்கள். அப்பழுக்கில்லாத பருத்தி.

மூக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. சப்ளையர் சோதனைக்கு அனுப்பியது ஒரு துணி, தொழிற்சாலைக்குத் தைத்துக் கொடுத்தது வேறு துணி. இரண்டும் ஒரே நீலம்.

பரிசோதனைக் கூடத்தின் தலைவர் எந்தச் செய்தியைக் கேட்டாலும் முதலில் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். துடைத்து முடிப்பதற்குள் பாதிச் செய்திகள் தாமாகவே முக்கியத்துவம் இழந்துவிடும் என்பது அவர் அனுபவம். தீக்குச்சி சொல்லி முடித்ததும் துடைத்தார்.

"நாம கொடுத்த சான்றிதழ் பொய்யா?" என்று கேட்டார்.

"இல்ல சார்."

"கீழ என்ன போட்டிருக்கோம்?"

சான்றிதழின் அடியில், எறும்பு வரிசை போன்ற எழுத்தில் ஒரு வரி இருக்கும். இம்முடிவு பெறப்பட்ட மாதிரிக்கு மட்டும் பொருந்தும். இருபத்தோரு வருடத்தில் அந்த வரியைப் படித்ததாக எந்த வாடிக்கையாளரும் சொன்னதில்லை.

"அதைத்தான் போட்டிருக்கோம். மாதிரி வந்துச்சு, பார்த்தோம், சொன்னோம். அவங்க வேற துணியில தைச்சதுக்கு நாம என்னம்மா பண்றது?"

"நாற்பது பேர் போட்டிருக்காங்க சார். நெருப்புல வேலை."

"புரியுது. ஆனா உன் கைக்குட்டையில வந்த நூலைச் சோதனை மாதிரியா எடுத்துக்க முடியாது. யாராவது முறையா விண்ணப்பம் கொடுத்து அந்தச் சட்டையைக் கொண்டு வரட்டும். நாம பார்த்துச் சொல்லுவோம். நீ கொண்டு வர முடியாது, நீ இங்க வேலை பார்க்கிற ஆளு. நானும் முடியாது."

அவர் கெட்டவர் இல்லை. சட்டத்துக்கு உட்பட்டு நல்லவர்.

அன்று சாயங்காலம் தீக்குச்சி விண்ணப்பப் படிவத்தோடு அக்கா வீட்டுக்குப் போனாள். அத்தான் படிவத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து மேஜையில் வைத்தார்.

"என் பேரைப் போட்டுக் கம்பெனிக்கு எதிரா நானே காகிதம் கொடுக்கணும். அதானே?"

"கம்பெனிக்கு எதிரா இல்ல அத்தான். துணிக்கு எதிரா."

"துணி ஸ்டோர்ஸ் வழியாத்தான் வருது. ஸ்டோர்ஸ் மேலாளருக்குக் கீழ. மேலாளர் எனக்கு மேல. மூணு வாரமா நாற்பது பேர் போடுறோம், யாருக்கும் ஒண்ணும் ஆகல. போட்டா லேசா இருக்கு, அவளுக்கும் வேலை மிச்சம். விடும்மா."

தீக்குச்சி அக்காவைப் பார்த்தாள். அக்கா கொடியிலிருந்து எடுத்த நீலச் சட்டையை மடித்துக்கொண்டிருந்தாள். இஸ்திரி போடாத சட்டை, போட்டது போலவே மடிந்தது.

"அவர் சொல்றதும் சரிதானேடி" என்றாள், தலை நிமிராமல்.

ஒன்பது நாள் கழிந்தது. தீக்குச்சி அந்த ஒன்பது நாளும் போர்வைகளையும் காலுறைகளையும் கொளுத்திக்கொண்டிருந்தாள். பத்தாம் நாள் முற்பகல், வரவேற்பு மேஜையில் இருந்தவர் உள்ளே வந்து, உங்கள் அக்கா வந்திருக்கிறார் என்றார். அக்கா அதுவரை அந்தக் கட்டடத்துக்கு வந்ததே இல்லை. போய்ப் பார்த்தால், கடைக்குப் போகிற துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

"முந்தாநாள் ஒரு பொறி விழுந்துச்சு" என்றாள். "கையுறைக்கு மேல, நீ சொன்ன அதே இடம். சின்னதுதான். ஒரு பித்தான் அளவு. அவர் தட்டி விட்டிருக்கார், போகல. ஒட்டிக்கிச்சு. நர்ஸ் அம்மா இடுக்கி வச்சு எடுத்தாங்களாம். துணியை எடுத்தப்போ..."

துணிப்பையைத் திறந்து நீலச் சட்டையைக் காட்டினாள்.

"வலிக்குதாமா?"

"வலிக்கலைன்னு சொல்றார். ராத்திரி தூங்கல. நானும்தான்."

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று சொல்ல வேண்டிய நேரம். ஆனால் இங்கே தலைப்பாகைதான் தலைக்குத் தீ வைக்கப் பார்த்தது. தீக்குச்சி படிவத்தையும் பேனாவையும் நீட்டினாள். அக்கா மெதுவாக, பள்ளிக்கூடத்து எழுத்தில் நிரப்பினாள். பொருள்: சட்டை, ஒன்று. நிறம்: நீலம். சோதனையின் நோக்கம் என்ற இடத்தில் கொஞ்சம் யோசித்து, 'என் வீட்டுக்காரர்' என்று எழுதினாள்.

தலைவர் அந்தப் படிவத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். பிறகு கழற்றினார். துடைக்கவில்லை. "ஏத்துக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

கொண்டு வந்தவர் உறவு என்பதால் பக்கத்து மேஜைக்காரரையும் கூடவே உட்கார்த்தி, எல்லாவற்றையும் இரண்டு முறை செய்தாள் தீக்குச்சி. துணியைச் சிறு துண்டுகளாக வெட்டி, காய வைத்து, எடை பார்த்து, கந்தக அமிலத்தில் போட்டாள். அந்த அமிலம் பருத்தியைச் சர்க்கரை மாதிரி கரைத்துவிடும், பாலியெஸ்டரைத் தொடாது. ஒரு மணி நேரம் கழித்து வடிகட்டி, கழுவி, காய வைத்து மறுபடி எடை போட்டார்கள். நூறு பங்கில் எண்பது பங்கு கரையாமல் அப்படியே இருந்தது. கையெழுத்துப் போடும்போது வால் வழக்கத்தைவிடக் கொஞ்சம் நீண்டது.

அறிக்கையோடு பழைய உறையில் இருந்த துணிக்கான குறிப்பையும் சேர்த்துத் தலைவரே தொழிற்சாலைக்கு அனுப்பினார். இரண்டு நாளில் மேலாளர் தொலைபேசியில் பேசினார். கோபம் இல்லை, சந்தேகம்தான். "மேடம், என்கிட்ட இப்போ ரெண்டு காகிதம் இருக்கு. ரெண்டுலயும் உங்க கையெழுத்துதான். ஒண்ணு பருத்திங்குது, ஒண்ணு இல்லைங்குது. நான் எதை நம்புறது? நேர்ல வந்து காட்டிடுங்க. எல்லாரும் பார்க்கட்டும்."

நியாயமான கேள்விதான். தீக்குச்சி பழைய பருத்திச் சீருடை ஒன்றை அக்காவிடம் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள்.

தொழிற்சாலை முற்றத்தில், பாதி முடிந்த ஒரு தொட்டியின் நிழலில் நாற்பது வெல்டர்களும் கூடியிருந்தார்கள். எல்லாரும் நீலம். இடது கையில் கட்டோடு அத்தான் கடைசி வரிசையில், தனக்கும் இந்தப் பெண்ணுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்கிற முகத்தோடு நின்றார். ஓர் இரும்புக் கம்பியில் இரண்டு துணிப் பட்டைகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். இடது பக்கம் பழைய பருத்தி, வலது பக்கம் புது நீலம். தீக்குச்சி தீப்பெட்டியை எடுத்தாள்.

பருத்தியின் கீழ் முனையில் தீயைக் காட்டினாள். குப்பென்று பற்றி, நாலு விநாடியில் மேலே ஏறி, கம்பியில் கொஞ்சம் சாம்பலை மட்டும் விட்டுவிட்டு முடிந்துபோயிற்று.

நீலத்தில் காட்டினாள். அது சுருண்டு, சுடரிலிருந்து விலகி, மேலே ஏறிக்கொண்டது. பற்றுவதற்குள் முற்றத்துக் காற்றில் குச்சி அணைந்துவிட்டது. இரண்டாவது குச்சி கிழித்தாள். அப்போதும் விலகியது. அதுவும் அணைந்தது.

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். மேலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "மேடம், பழசுதான முதல்ல எரிஞ்சுச்சு?"

"ஆமா சார்."

"புதுசு எரியவே இல்லையே?"

"ஆமா."

"அப்போ புதுசுதான நல்லது?"

தீக்குச்சியின் காது மடல் சுட்டது. அவள் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. இருந்தும், உண்மையே கையில் பிடித்த மீன் மாதிரி நாற்பது பேர் முன்னால் வழுக்கிப் போய்க்கொண்டிருந்தது. தொங்குகிற துணி நெருப்பிலிருந்து விலகி ஓடும், அது வாஸ்தவம். ஆனால் சட்டை தொங்குவதில்லை. அதற்குள் ஆள் இருக்கிறான், அது ஓட இடம் இல்லை. இதை எப்படிக் காட்டுவது? அவள் இருபத்தோரு வருடமாக வெறும் நூலைத்தான் கொளுத்தியிருக்கிறாள். நூலுக்குள் யாரும் இருந்ததில்லை.

முற்றத்தின் மறுமுனையில் கேன்டீன் இருந்தது. வாசலில் சமையல்காரர் ஒரு பெரிய பாத்திரத்திலிருந்து தண்ணீரை வடித்துக்கொண்டிருந்தார். ஆவி பறந்தது.

"அதுல என்ன?" என்று கேட்டாள்.

"உருளைக்கிழங்கு" என்றார் மேலாளர், குழப்பத்தோடு.

"தோலோடயா?"

"அவிச்சிட்டு அப்புறம்தான் உரிப்பாங்க."

"எனக்கு ரெண்டு வேணும்."

சமையல்காரர் இரண்டைக் கொடுத்தார். எதற்கு என்று கேட்கவில்லை. திரும்பக் கிடைக்குமா என்று மட்டும் கேட்டார். தீக்குச்சி ஒரு கிழங்கைப் பழைய பருத்தித் துணியிலும் இன்னொன்றைப் புது நீலத்திலும், உடம்பைப் பிடிக்கிற மாதிரி இறுக்கிச் சுற்றிக் கட்டினாள். இரண்டையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மேலே ஓர் இரும்புத் தகட்டை இரண்டு தாங்கிகளில் வைக்கச் சொன்னாள்.

"இதை யாராவது வெட்டணும். உங்க வேலையில எப்படிப் பொறி விழுமோ அப்படியே விழட்டும்."

யாரும் அசையவில்லை. கடைசி வரிசையில் ஓர் அசைவு. அத்தான் முன்னால் வந்தார். நல்ல கையால் வாயு வெட்டுக் குழாயை எடுத்து, முகமூடியை இறக்கிக்கொண்டு, கட்டுப் போட்ட கையை அதன் அடியில் தாங்கலாகக் கொடுத்தார். தகட்டிலிருந்து பொறி மழையாகக் கொட்டியது. இரண்டு கிழங்குகளிலும் சமமாக விழும்படி நிதானமாக வெட்டினார். வேலையில் அவர் எப்போதும் அப்படித்தான். முடித்து, குழாயை அணைத்து, முகமூடியைத் தூக்கினார்.

தீக்குச்சி முதலில் பருத்தியைப் பிரித்தாள். துணியில் துளைகள், ஓரங்கள் கருகியிருந்தன. துணி வந்துவிட்டது. கிழங்கின் தோலில் அங்கங்கே பழுப்புப் புள்ளிகள். தோல் அப்படியே இருந்தது.

பிறகு நீலத்தைப் பிரித்தாள். முடிச்சு அவிழ்ந்தது, துணி வரவில்லை. கொஞ்சம் இழுத்தாள். துணியோடு தோலும் வந்தது. பொறி விழுந்த ஒவ்வொரு இடத்திலும் கிழங்கின் தோல் துணியில் ஒட்டிக்கொண்டு உரிந்து, அடியில் மஞ்சள் சதை தெரிந்தது. அதிலிருந்து இன்னும் ஆவி வந்துகொண்டிருந்தது.

அவள் இரண்டு கிழங்குகளையும் இரண்டு உள்ளங்கைகளில் வைத்து முதல் வரிசை முன்னால் மெதுவாக நடந்தாள். சிரித்த ஆள் யார் என்று தெரியவில்லை, இப்போது எல்லார் முகமும் ஒரே மாதிரி இருந்தது. வரிசையின் நடுவில் ஒரு வெல்டர் சட்டையின் மேல் பித்தானைக் கழற்றினார். பக்கத்திலிருந்தவரும் கழற்றினார். பத்து நிமிடத்தில் முற்றத்து ஓரத்தில் நீலச் சட்டைகள் குவிந்துவிட்டன. நாற்பது பேரும் பனியனோடு நின்றார்கள். மேலாளர் அந்தக் குவியலைப் பார்த்தார், கிழங்கைப் பார்த்தார்.

"இன்னிக்கு வெல்டிங் கிடையாது" என்றார்.

அத்தான் மட்டும் சட்டையைக் கழற்ற முடியாமல் திணறிக்கொண்டிருந்தார். கட்டு இடைஞ்சல். தீக்குச்சி போய் கைப்பட்டியை அவிழ்த்துவிட்டாள். அவர் அவளைப் பார்க்காமல், அவள் கையில் இருந்த உரிந்த கிழங்கைப் பார்த்தார்.

"நர்ஸ் அம்மா எடுத்தப்போ நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டேன்மா" என்றார் மெல்ல. "இப்படித்தான் இருந்திருக்கும், இல்ல?"

"ஆமா அத்தான்."

"அவகிட்ட சொல்லாத."

"அக்கா கட்டு மாத்தும்போது பார்த்திருப்பாளே."

அவர் அதை யோசிக்கவே இல்லை போலிருந்தது.

கிடங்கில் மூட்டை மாறிவிட்டது என்று சப்ளையர் கடிதம் எழுதினார். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். மாறிய மூட்டைக்குச் சொந்தக்காரர் யார் என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை. அவரிடம் வாங்குவதைத் தொழிற்சாலை நிறுத்தியது. வெல்டர்கள் ஒரு மாதம் பழைய சீருடையில் ஒட்டுப் போட்டுச் சமாளித்தார்கள். பிறகு வந்தது, சட்டென்று தீப்பிடிக்காதபடி பதம் செய்த பருத்தி. கனம் முன்னைவிட அதிகம். பரிசோதனைக் கூடத்தின் தலைவர் ஒரு புது விதி போட்டார். பாதுகாப்பு உடைத் துணி என்றால் யாரும் மாதிரி அனுப்ப வேண்டியதில்லை. கூடத்து ஆளே கிடங்குக்குப் போய், குவியலின் நடுவிலிருந்து வெட்டி எடுத்து வருவார். அந்த ஆள் தீக்குச்சிதான். பதிவேட்டில் அந்த முற்றத்துச் சோதனையை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று இரண்டு நாள் விவாதம் நடந்து, கடைசியில் 'இதர' என்று எழுதினார்கள்.

அக்கா தோளில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு மறுபடி இஸ்திரிப் பெட்டியைத் தூக்கினாள். ஒரு வார்த்தை புலம்பவில்லை. அத்தான் கையில் காயம் ஆறி, பித்தான் அளவில் ஒரு வெளிர்த் தழும்பு நின்றது. யார் கேட்டாலும், அதெல்லாம் ஒன்றுமில்லை, எறும்பு கடித்த மாதிரிதான் இருந்தது என்பார்.

ஆனால் அந்த மாதம் முழுக்க அக்கா வீட்டில் உருளைக்கிழங்கு சமைக்கவில்லை. வேண்டாம் என்று அவர்தான் கேட்டுக்கொண்டார். ஏன் என்று அக்கா கேட்கவில்லை.